லேப்டாப்புக்குள் ஒரு பேஸ் கிட்டார்... காரைக்கால் மாமா நடத்திய பாடம்!

ஆனி மாதம் காரைக்காலுக்குப் போயிருக்கிறீர்களா? மாங்கனித் திருவிழா நேரம். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். அந்த நாட்களில் ஊருக்குள் நடந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். தூரத்து ஸ்பீக்கரில் ஓடுவது எந்தப் பாட்டு என்று பிடிபடுவதற்கு முன்பே, 'தும்... தும்... துதும்' என்று ஓர் அடி ஓசை நம்மிடம் வந்துவிடும். குரலும் வயலினும் புல்லாங்குழலும் நடுவில் இருக்கும் சுவர்களில் பாதி தேய்ந்துபோகும். அந்த 'தும்' மட்டும் சுவரைத் தாண்டி வந்து நெஞ்சில் தட்டும். அதுதான் பேஸ்.

பாட்டைக் கேட்கும்போது நாம் யாரும் பேஸை கவனிப்பதில்லை. ஆனால், அது இல்லையென்றால் பாட்டு மொட்டையாக இருக்கும். ரசம் சாதத்தில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சென்ற வருடம் எங்கள் வீட்டில் அந்த உப்புக்குத்தான் பஞ்சம் வந்தது.

அப்பாவுக்கு சதாபிஷேகம். காரைக்காலில் இருக்கும் என் அக்கா மகன், தாத்தா - பாட்டிக்காக ஒரு பாட்டு போடுகிறேன் என்றான். வீட்டின் பின்னறையில் ஒரு லேப்டாப், சின்ன கீபோர்டு, ஒரு மைக். அதுதான் அவன் ஸ்டுடியோ. குறும்படங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் அங்கேதான் இசை அமைக்கிறான். பாட வீட்டிலேயே ஆள் இருந்தது. பேஸ் வாசிக்கத்தான் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தார். என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்கு மாமா, அவனுக்குத் தாத்தா முறை. 80-களில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவர். நாகூர், திருநள்ளாறு, மயிலாடுதுறை, கும்பகோணம் என்று கல்யாணமும் கோயில் விழாவுமாக அலைந்தவர். இப்போது சர்க்கரையால் விரல்கள் மரத்துப்போய்விட்டன. கிட்டார் பல வருடங்களாகப் பரணில் இருக்கிறது.

'அவரைச் சிரமப்படுத்த வேண்டாம்' என்று நினைத்த பையன், கம்ப்யூட்டரிலேயே பேஸை செய்து முடித்து அவரிடம் போட்டுக் காட்டினான். மாமா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்...

"ஓசை நல்லாத்தான்டா இருக்கு. ஆனா, இதை வாசிக்க ஆறு விரல் வேணும். அப்புறம், இவன் கையை எடுக்கவே மாட்டேங்குறானே... மூச்சு விடுவானா, மாட்டானா?"

கிட்டார் எப்படி கம்ப்யூட்டருக்குள் போனது?

நாம் இன்று பேஸ் கிட்டார் என்று சொல்லும் கருவி பரவலானது 1951-க்குப் பிறகு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரக் கருவியை அந்த ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதே பெரும்பாடு.

ஓசையைப் பதிவு செய்து வைத்து, கட்டையை அழுத்தினால் அதை ஒலிக்கவிடும் யோசனையும் பழசுதான். 1963-ல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு இருந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் அதை டிஜிட்டலுக்குக் கொண்டுவந்தது. 1983-ல் 'மிடி' வந்தது. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பொதுமொழி அது. 2002-ல் 'கான்டாக்ட்' போன்ற சாம்பிளர் மென்பொருள்கள் வந்ததும், இந்த வித்தை வீட்டு கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டது.

சாம்பிள் பேஸ் எப்படித் தயாராகிறது? ஒரு நிஜக் கலைஞரை உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு தந்தி, தந்திக்கு 20 ஃப்ரெட் என்றால் 80 இடங்கள். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக, ஓங்கி என நான்கு விதமாக வாசித்தால் 320. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்தால் செயற்கையாகத் தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் நான்கு முறை பதிவு செய்தால் 1,280. இதற்கு மேல் தந்தியை வழுக்குவது, கையால் அமுக்கி மூடுவது, கட்டை விரலால் தட்டுவது, விரல் உரசும் சத்தம் எல்லாம் தனி. 'டிரிலியன்' என்ற பிரபலமான பேஸ் தொகுப்பு 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிப்பது இதனால்தான்.

ஆக, ஓசை நிஜம்தான். அப்படியிருந்தும் ஏன் பொம்மை வாசிப்பது போலக் கேட்கிறது?

கோடம்பாக்கம் சொல்லும் பதில்

தமிழ் சினிமாவில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கேட்க வைத்தவர் இளையராஜா. 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய அந்தக் கிட்டார் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். கீழே ஓடும் பேஸ், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே நடக்கும். தன் இசையை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிவிடுவது அவர் வழக்கம். எழுதிய ஸ்வரங்களுக்கு உயிர் கொடுக்க சசிதரன் போன்ற கலைஞர்களின் விரல்கள் இருந்தன. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தி அசத்தியவரும் அதே ராஜாதான். அதனால், இதை இயந்திரத்துக்கும் மனிதனுக்குமான சண்டையாகப் பார்க்க வேண்டியதில்லை.

1992-ல் 'ரோஜா'வோடு வந்த ஏ.ஆர்.ரஹ்மானைப் பாருங்கள். சின்தசைஸரிலும் கம்ப்யூட்டரிலும் கரைகண்டவர். நினைத்தால் எல்லா பேஸையும் கீபோர்டிலேயே முடித்திருக்கலாம். ஆனாலும், கீத் பீட்டர்ஸ் அவருடைய பல பாடல்களில் பேஸ் வாசித்தார். பின்னாளில் மோகினி டே என்ற இளம்பெண், அவருடைய மேடைகளில் பேஸ் கிட்டாரோடு நின்றார். தொழில்நுட்பம் தெரிந்தவருக்குத்தான், அது எங்கே நிற்கும் என்பதும் தெரிகிறது.

மாமாவின் ஆறு பாடங்கள்

அடுத்த மூன்று சாயங்காலமும் மாமா அந்தப் பின்னறையில்தான் இருந்தார். மவுஸைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் இசை செய்யும் பிள்ளைகள் இருந்தால், இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

1. முதலில் வாயால் பாடு. பாட முடியாத பேஸை வாசிக்கவும் முடியாது. கீபோர்டைத் தொடுவதற்கு முன்பு 'தும் துதும்' என்று பாட்டோடு சேர்ந்து பாடிப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் பேஸும் நிற்க வேண்டும்.

2. எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பது முக்கியம். புதிதாகச் செய்பவர்கள் ஒரு ஸ்வரம் முடிந்த இடத்திலேயே அடுத்ததை ஒட்டிவிடுவார்கள். நிஜக் கலைஞர் நடுவில் தந்தியை அமுக்கி ஓசையை நிறுத்துவார். அந்தச் சின்ன மௌனத்தில்தான் தாளம் துள்ளும். "திருநள்ளாறு கோயில்ல தவில் கேட்டிருக்கல்ல? இடது பக்கம், குச்சியால அடிக்கிற தொப்பியிலதான் கனமான ஓசை. அது எங்க பேசுது, எங்க சும்மா இருக்குன்னு கவனி" என்றார் மாமா.

3. எல்லா அடியும் ஒரே கனமா இருக்கக் கூடாது. மிடியில் அழுத்தத்தின் அளவு 1 முதல் 127 வரை. பையன் எல்லாவற்றுக்கும் 100 போட்டிருந்தான். தாளத்தின் முதல் அடிக்கு ஒரு கனம், நடுவில் கடந்து போகிற ஸ்வரத்துக்கு ஒரு கனம் என்று மாற்றியதும் பாதி பொம்மைத்தனம் போய்விட்டது. கண்டபடி மாற்றக் கூடாது. எது முக்கியமான அடி என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

4. நாலு தந்தி, ஒரு கை. சாதாரண பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 'ஈ'. மிடி கணக்கில் 28. அதற்கும் கீழே போனால் அது நான்கு தந்தி கிட்டார் இல்லை. மற்ற தந்திகள் ஏ, டி, ஜி. அந்த 'ஏ' ஸ்வரத்தைத் தந்தியை அமுக்காமலும் வாசிக்கலாம். ஈ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் வாசிக்கலாம். ஸ்வரம் ஒன்றுதான், ஓசையின் தடிமன் வேறு. எந்தத் தந்தி என்பதை நாமே தேர்ந்தெடுக்க நல்ல மென்பொருள்கள் இடம் தருகின்றன. கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கண் சிமிட்டும் நேரத்தில் தாவ முடியாது என்பதை மனதில் வைத்துத் தேர்வு செய்ய வேண்டும். மாமா சொன்ன 'ஆறு விரல்' இதுதான்!

5. கிக் டிரம்தான் சம்பந்தி. டிரம்மர் காலால் மிதிக்கும் அந்தக் கனமான அடியும் பேஸும் ஒட்டி உறவாட வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருத்திவிட்டால் உயிர் போய்விடும். நிதானமான பாட்டில் பேஸ் பத்து, பதினைந்து மில்லி செகண்ட் பின்தங்கி வந்தால், சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பது போன்ற சுகம் வரும்.

6. வித்தை காட்டாதே. வழுக்கல், தட்டல், விரல் உரசல் எல்லாம் மென்பொருளில் இருக்கிறது என்பதற்காக வரிக்கு வரி போடக் கூடாது. ஒரு சரணத்துக்கு ஒன்றிரண்டு போதும். ஊறுகாயைச் சோறாகச் சாப்பிட முடியுமா?

போனில் கேட்காத பேஸ்

மூன்றாம் நாள் ஒரு சிக்கல். ஹெட்போனில் அருமையாகக் கேட்ட பேஸ், அக்காவின் செல்போனில் காணாமலே போய்விட்டது.

காரணம் எளிது. அந்தத் தாழ்ந்த 'ஈ', நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஆனால், ஒரு தந்தி அதிரும்போது 41 மட்டும் எழுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. அந்த மேல் ஓசைகள் கேட்டால் போதும். அடியில் இருக்க வேண்டிய ஓசையை நம் மூளையே ஊகித்துக்கொள்ளும். அதனால், பேஸின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கொஞ்சம் கரகரப்பு சேர்த்து மேல் ஓசைகளைத் தூக்கிவிட வேண்டும். பையன் அப்படிச் செய்ததும், அடுப்படியில் வைத்திருந்த போனிலும் 'தும்' கேட்டது.

செலவு? ஆயிரக்கணக்கில் பணம் போட வேண்டும் என்பதில்லை. 'ஆம்பிள் பேஸ் பி லைட்' போன்ற இலவசப் பதிப்புகளே கற்றுக்கொள்ளப் போதும். திருட்டுப் பதிப்பை இறக்காதீர்கள். அந்த 1,280 ஓசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவரும் ஒரு கலைஞர்தான்.

வாசித்தது யார்?

ஒரு கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்படியே போனால், மாமா போன்றவர்களுக்கு இனி வேலை ஏது? ஒரு கலைஞருக்குக் கொடுக்கும் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தானே பல இடங்களில் இந்த மென்பொருள் நுழைகிறது? மேடைக் கச்சேரிகளில் இன்று பேஸ் பெரும்பாலும் கீபோர்டுக்காரரின் இடது கையில் இருக்கிறது என்று மாமாவே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. "எனக்கு முன்னாடி டபுள் பேஸ் வாசிச்சவங்களும் இப்படித்தான் நினைச்சிருப்பாங்க" என்றார்.

சரணத்துக்கு நடுவில் வரும் ஓரிடம் மட்டும் பையனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "போனை எடு, ரெக்கார்ட் பண்ணு" என்றார் மாமா. எட்டு மாத்திரைக்கு வாயாலேயே 'தும் தும்' என்று பேஸைப் பாடினார். பாடும்போது இடது கை காற்றில் ஃப்ரெட் பிடித்தது. மரத்துப்போன விரல்கள்தான். ஆனாலும், எந்தத் தந்தி, எந்த இடம் என்று அவை மறக்கவில்லை. பையன் அதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக மென்பொருளில் பதித்தான். விரல் நின்ற இடம், எடுத்த இடம் உட்பட.

சதாபிஷேகத்தன்று மண்டபத்தில் அந்த வீடியோ ஓடியது. அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில். மாமா மட்டும் ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கடைசியில் பெயர்கள் வந்தன. 'பேஸ் கிட்டார்' என்ற இடத்தில் மாமாவின் பெயர்.

"நான் எங்கடா வாசிச்சேன்?" என்று கேட்டார்.

"நீங்கதான் வாசிச்சீங்க தாத்தா. நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான்" என்றான் பையன்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து கிட்டாரை இறக்கித் தூசி தட்டினார்கள். தந்திகள் துருப்பிடித்திருந்தன. புதுத் தந்தி வாங்கி வந்தாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் வாசிக்கப் பழகுகிறான். மாமா எதிரே உட்கார்ந்து, "கையை எடு... கையை எடு" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார்.