எண்ணெயும் அரசும் – 9: எத்தனை நாள் தாங்கும்?

வளைகுடாவிலிருந்து கப்பல் வரத்து நின்றுபோனால் நாடு எத்தனை நாள் தாங்கும்? பெட்ரோலிய அமைச்சகத்தின் பொருளாதார அதிகாரியை இந்தக் கேள்வி எப்போது வேண்டுமானாலும் தேடி வரும். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்டால் போதும், மாலைக்குள் பதில் தயாராக வேண்டும். அதுவும் ஒரே எண்ணாக.

அந்த எண் 9.5. விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பி மாவட்டத்துப் பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அரசு அமைத்திருக்கும் கிடங்குகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். உள்ளே எஃகுத் தொட்டி கிடையாது. சுற்றிலும் பாறை இடுக்குகளில் நிற்கும் நீரின் அழுத்தமே எண்ணெயைக் கசியவிடாமல் காக்கிறது.

9.5 என்பது 2019-20 நுகர்வை வைத்துப் போட்ட கணக்கு. நுகர்வு ஏற ஏற, கிடங்கை யாரும் திறக்காமலேயே நாட்கள் குறையும். மேலும் அது கொள்ளளவுக்கான கணக்கு. இன்றைக்கு உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது வேறு. பதிலில் இவை எல்லாமே உண்டு, ஆனால் துணை வாக்கியங்களாக. அவற்றை யார் படிக்கிறார்கள்?

எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளுக்கு 64.5 நாள் சேர்த்தால் மொத்தம் 74. கேட்கத் தெம்பாக இருக்கிறது. ஆனால் குழாயில் ஓடும் எண்ணெயையும் தொட்டியின் அடியில் தங்குவதையும் வழித்தெடுத்தால் சுத்திகரிப்பு ஆலையே நின்றுவிடும். உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு வைக்க வேண்டும் என்று விதித்திருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை, இதற்காகவே 10 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. 2017 முதல் இந்தியா அதன் இணை உறுப்பினர் மட்டுமே. அந்த விதி நம்மைக் கட்டாது.

இதைவிடக் கடினமான சண்டை நிதி அமைச்சகத்தோடு. ஆயிரக்கணக்கான கோடியைப் பாறைக்குள் முடக்கி வைப்பதால் என்ன வருமானம்? குவைத்துக்குள் ஈராக் நுழைந்த 1990ஐச் சுட்டிக்காட்டலாம். எண்ணெய் விலை ஏறியது, அந்நியச் செலாவணி கரைந்தது, அடுத்த ஆண்டு தங்கத்தை அடகு வைத்தோம். அதற்கு எண்ணெய் ஒன்றே காரணமல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதுவும் சரிதான். அப்படியொரு தடை வரும் வாய்ப்பு எவ்வளவு, வந்தால் உற்பத்தியில் எத்தனை கோடி போகும் என்று இரண்டு ஊகங்களைப் பெருக்கித்தான் கோப்பில் விடை எழுத முடியும். முதல் ஊகத்தைச் சற்றே அசைத்தாலும் விடை தலைகீழாகும்.

2020 ஏப்ரல்-மே மாதங்களில் கொரோனாவால் விலை சரிந்தபோது, பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கிக் கிடங்குகளை நிரப்பினார்கள். சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. நல்ல கொள்முதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கையிருப்பின் மதிப்பை வாங்கிய விலையில் காட்டத் தொடங்கினால், விலை ஏறும்போது விற்கச் சொல்லும் குரலும் கூடவே எழும்.

எழுந்தது. 2021 நவம்பரில் அமெரிக்கா முதலிய நாடுகளோடு சேர்ந்து 50 லட்சம் பீப்பாயை வெளியிட இந்தியா முன்வந்தது. நாட்டின் ஏறக்குறைய ஒரு நாள் செலவு அது. அப்போது எந்தக் கப்பலும் நின்றுவிடவில்லை, விலைதான் ஏறியிருந்தது. அடுத்த மூன்றே மாதத்தில் உக்ரைன் போர் வெடித்தது.

மங்களூருக் கிடங்கில் அபுதாபி அரசு நிறுவனத்தின் எண்ணெயும் இருக்கிறது. அதை நம் நாட்களில் எண்ணலாமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.