வானூர்தி வானொலி மொழி குழூஉக்குறியா?

பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் நன்னூல் உரைகளிற் காட்டப்பெறும் குழூஉக்குறிகள். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கிப் பிறர் அறியாவாறு பொருளை மறைப்பது இவ்வழக்கின் இயல்பு. எட்டயபுரத்துக்குத் தெற்கே வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்க வரும் வானூர்தியின் விமானியும், நிலையத்துக் கட்டுப்பாட்டாளரும் வானொலியிற் பேசிக்கொள்ளும் முறையை முதன்முறை கேட்பார் எவரும், அப்பேச்சினையும் இவ்வினத்துள் அடக்கவே முற்படுவர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆராய்ந்து பார்க்குமிடத்து அக்கருத்துப் பொருந்தாதென்பது புலனாயிற்று. குழூஉக்குறி அயலார்க்குப் பொருளை மறைப்பது; வானொலி மொழியோ, ஒருவரையொருவர் கண்டறியாத இருவர், வேறுவேறு தாய்மொழியினராயினும், பிறழ உணராமைப் பொருட்டு ஆக்கப்பட்டது.

எழுத்துக்களினின்று தொடங்குவோம். ஆங்கில எழுத்துக்களுள் பி, டி, சி, வி முதலியவற்றின் பெயர்கள் இரைச்சலிடையே ஒன்றுபோற் கேட்பன. பகரத்துக்கும் டகரத்துக்கும் ஒவ்வொரு வரிவடிவமே உடைய நமக்கு இத்தொல்லை இருமடங்கு என்னலாம். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச்சொல் வகுக்கப்பட்டது. இந்திய வானூர்திகளின் பதிவுக் குறியின் முதலிரண்டு எழுத்துக்களாகிய வி, டி என்பன ‘விக்டர் டேங்கோ’ என ஒலிக்கப்பெறுதல் இம்முறையால் ஆவது. இன்று வழங்கும் இருபத்தாறு சொற்களும் 1956 மார்ச்சு முதல் நாள் பன்னாட்டு நடைமுறைக்கு வந்தன. எண்களிலும் மூன்றனை ‘ட்ரீ’ என்றும், ஐந்தனை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதனை ‘நைனர்’ என்றும் ஒலிக்க விதித்துள்ளனர். ஐந்தும் ஒன்பதும் தம்முள் மயங்காமை இதன் பயன். (தமிழில் இத்தகைய மொழி ஆக்கப்படுமாயின், ஒன்று, ஒன்பது என்னும் இரண்டனையே முதற்கண் திருத்த வேண்டி வரும்.)

இனி, ஆராய்தற்கு மிகவும் உரியது விடைச்சொற்களின் பாகுபாடு. விடை எட்டு வகைத்து என்பர் நன்னூலார். அவற்றுள் உடன்படுதல் நேர் எனவும், மறுத்தல் மறை எனவும்படும். வானொலி மொழியில் ‘அஃபர்ம்’ என்பது நேர். ‘நெகட்டிவ்’ என்பது மறை. ஆயின் எல்லார்க்கும் பழகிய ‘ரோஜர்’ இவ்விரண்டனுள் எதுவும் அன்று. ‘நீர் இறுதியாகக் கூறியது முழுதும் என்பால் வந்தெய்திற்று’ என்பதே அதன் பொருள். உடன்பட்டேன் என்றோ, அவ்வாறே செய்வேன் என்றோ அது பொருள்படாது. செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’ என வேறொரு சொல் உண்டு; இயலாதென்பதற்கு ‘அனேபிள்’ உண்டு. ‘ரோஜர்’ என்னும் சொல்லின் வரலாறும் சுவையுடைத்து. ‘பெற்றேன்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்குப் பழைய வரிசையில் வழங்கிய பெயரே அது. 1956-இல் அவ்வெழுத்து ‘ரோமியோ’ எனப் பெயர் பெற்ற பின்னும் விடைச்சொல் மட்டும் மாறாது நின்றது. திரைப்படங்களிற் கேட்கும் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்னும் தொடரோ தன்னுள்ளே முரணுவது; முன்னது மறுமொழி எதிர்நோக்குவது, பின்னது பேச்சு முடிந்ததென்பது.

மற்றொன்று. கூறியது கூறல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றென நாம் கற்றுள்ளோம். வானொலி மொழியிலோ அஃது இன்றியமையா விதி. உயரம் பற்றிய ஆணையையும், ஓடுபாதையிற் புகவும் எழவும் இறங்கவும் தரும் இசைவினையும் விமானி திரும்பக் கூறுதல் வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனைச் செவியேற்றுப் பிழையிருப்பின் திருத்துதல் வேண்டும். இவ்விடங்களில் ‘ரோஜர்’ என்று மட்டும் கூறியமைதல் விடையாகக் கொள்ளப்படாது.

இவ்விதிகளுட் சில பேரழிவின் பின்னர் இறுக்கப்பட்டவை. 1977 மார்ச்சு 27 அன்று தெனரீஃபில் மூடுபனியிடையே இரு பெரு வானூர்திகள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எழுதற்கு இசைவு பெறாமலே ஓடத் தொடங்கிய டச்சு வானூர்தியின் துணை விமானி, தாம் எழும் நிலையில் இருப்பதாக ஆங்கிலத்திற் கூறினார். எழுதற்குக் காத்து நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் அதனைக் கொண்டு, ‘ஓகே’ என்றார். காத்திருக்குமாறு அவர் தொடர்ந்து கூறியது, மற்றை வானூர்தியின் பேச்சும் அதே கணத்தில் வந்தமையால் தெளிவாகக் கேட்கவில்லை. வேற்றுமைப் பொருள் மயக்கம் ஒன்றும், பொருள் வரையறையற்ற உடன்பாட்டுச் சொல் ஒன்றும் ஆங்கே கூடின. அதன்பின் ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல், எழுதற்கு இசைவு தருமிடத்தும் அதனை நீக்குமிடத்தும் அன்றிப் பிறவிடத்து வழங்கலாகாதென வரையறுத்தனர்.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரியின் மேல் சவூதி வானூர்தியும் கசாக் வானூர்தியும் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடி வரை இறங்க இசைவு பெற்ற கசாக் வானூர்தி, எதிரே 14,000 அடியில் மற்றொன்று வருவது அறிவிக்கப்பட்டிருந்தும், அதற்குக் கீழும் இறங்கியது. ஆணையின்றி இறங்கியமையே காரணமெனக் கண்ட நீதிபதி லஹோத்தி ஆணையம், அக்குழுவினரின் ஆங்கில அறிவுக் குறையையும் சுட்டிற்று. பன்னாட்டுப் பணியில் உள்ள விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் மொழித்தேர்ச்சி காட்டல் வேண்டுமென்னும் விதி 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவார் ‘ரோஜர்’ என்பதனைச் ‘சரி’ எனப் பெயர்க்க எளிதில் தலைப்படுவர். அது தகாதென்பது எம் துணிபு. நம் பேச்சிற் ‘சரி’ என்பது கேட்டேன் என்பதற்கும், ஒப்புகிறேன் என்பதற்கும், செய்கிறேன் என்பதற்கும், சிற்சில வேளைகளிற் பேச்சை முடித்தற்கும் வருவது. தெனரீஃபின் ‘ஓகே’யும் அத்தகையதே. ‘ரோஜர்’ என்பதற்குக் ‘கேட்டேன்’ எனவும், ‘வில்கோ’ என்பதற்குச் ‘செய்வேன்’ எனவும் கொள்வது பொருந்தும். இத்தூத்துக்குடிக் கடலில் முன்னாளில் முத்துக்குளித்தோர் கல்லின் துணையால் அடியிற் சென்று, மூச்சு முடியுமளவிற் கயிற்றைச் சுண்டுவர். படகில் அக்கயிற்றைப் பற்றி நின்றவர் உடனே மேலே இழுப்பர். அச்சுண்டுதலுக்கு இழு என்னும் ஒரு பொருளே உண்டு.