பாடசாலைச் சீருடையில் ஒரு பங்காளி

மனோர் பார்க் முருகன் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, முன்பெல்லாம் நாம் பிள்ளைகளின் ரியூஷன் பற்றித்தான் கதைப்போம். இப்போது வேறொரு கதையும் காதில் விழுகிறது: "மூத்தவன் யூனியிலை, மச்சான்காரன் இன்னும் ஸ்கூலிலை. ரெண்டு பேரும் கம்பனி தொடங்கப் போகினமாம்." கேட்கப் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

இது நடக்காத காரியமல்ல. சென்னையில் சிரவண், சஞ்சய் குமரன் என்ற சகோதரர்கள் 12, 10 வயதுகளிலேயே கைத்தொலைபேசிச் செயலிகள் செய்து, கோ டைமென்ஷன்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரால் 2012 அளவில் அறியப்பட்டார்கள். இதே லண்டனில் நிக் டி'அலோய்சியோ 15 வயதில் தொடங்கிய செய்திச் சுருக்கச் செயலியை 2013 மார்ச்சில் யாஹூ வாங்கியது. அப்போது அவருக்கு வயது 17.

ஆனால் எமது பிள்ளைகள் பதிவுப் படிவத்தை நிரப்புமுன் நாம் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பதவி. 2006ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி 16 வயது நிரம்பாதவர் பணிப்பாளராக முடியாது. இந்த விதி 2008 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 16 ஆனதும் ஆகலாம். ஆனால் அது வெறும் மரியாதைப் பட்டமல்ல. கணக்குகளை உரிய காலத்தில் சமர்ப்பிக்காவிட்டால் பணிப்பாளர்தான் குற்றவாளி. பெரும் தவறுகளுக்கு 2 முதல் 15 ஆண்டுகள் வரை பதவித் தடையும் வரலாம். ஏ லெவல் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சுமை தேவையா?

இரண்டாவது, பங்கு. இங்கிலாந்தில் பங்குதாரராக வயதெல்லை இல்லை. எனினும் 18 வயதுக்குக் குறைந்தவர் செய்த பெரும்பாலான ஒப்பந்தங்களை அவர் பின்னர் மறுத்துவிடலாம். ஆகவே பெற்றோர் ஒருவர் பிள்ளைக்காக அந்தப் பங்கைப் பொறுப்பில் வைத்திருப்பதாக எழுத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். இங்கே ஒரு வரிச் சிக்கலும் உண்டு. பெற்றோர் கொடுத்த பணத்திலோ பங்கிலோ இருந்து பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 பவுணுக்கு மேல் வருமானம் வந்தால், அது பெற்றோரின் வருமானமாகவே கணிக்கப்படும்.

மூன்றாவது, உழைப்பு. கட்டாயப் பாடசாலை வயதில் உள்ளவர் தவணைக் காலத்தில் வாரம் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. பாடசாலை நாளில் 2 மணித்தியாலமே. இரவு 7 மணிக்குப் பின் கூடாது. சம்பளம் இல்லை என்பதும் சாட்டாகாது. இலாபத்துக்கு நடக்கும் தொழிலில் சும்மா உதவினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். எமது கடைகளில் கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

நான்காவதுதான் அதிகம் மறக்கப்படுவது: எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? ஊழியர் தன் வேலையாக எழுதினால் அது கம்பனிக்குரியது. ஊழியராக இல்லாத பங்காளி எழுதினால் அது அவருக்கே உரியது. ஆகவே உரிமையைக் கம்பனிக்கு மாற்றி எழுதி, 18 வயதானதும் மீண்டும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் முதலீட்டாளர் வரும் நாளில்தான் மச்சான்மாருக்கிடையே வழக்கு முளைக்கும்.

சரிபாதி என்று வாயால் சொல்லிவிடுவது எமது வழக்கம். ஆனால் ஆளுக்குப் பாதி என்றால், கருத்து முரண்பட்டதும் எந்த முடிவும் எடுக்க முடியாது. பரீட்சை மாதங்களில் வேலையை யார் பார்ப்பது? சின்னவர் வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் போனால் அவருடைய பங்கு என்னாகும்? பங்கை நான்கு வருடங்களில் சிறிது சிறிதாகச் சேரும்படி வைத்தால், இடையில் விலகுபவரும் மனக்கசப்பில்லாமல் விலகலாம். இரண்டு வீட்டாரும் ஒரு மேசையில் இருந்து இவற்றை எழுதிவிட்டு, ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுவது நல்லது.

அதற்கும் முன்னர், சின்னவரைத் தனியே கூப்பிட்டு, இது உண்மையில் அவருடைய ஆசைதானா என்று கேட்போம். பெரியவர்களுக்கு முன்னால் எமது பிள்ளைகள் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.