கூடவே வந்த பாட்டு

மனசு கனத்தால் என்ன செய்கிறோம்? சிலர் அழுவார்கள். சிலர் யாரோடும் பேச மாட்டார்கள். சிலர் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுப்பார்கள். நடவு வயலில் பாட்டு உண்டு. தொட்டில் ஓரம் பாட்டு உண்டு. சாவு வீட்டில் ஒப்பாரி உண்டு. நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சினிமாப் பாட்டும் இப்படித் துணைக்கு வருமா? வரும். ஆனால் எல்லாப் பாட்டும் வராது. உள்ளதை உள்ளபடி சொல்லும் பாட்டுதான் கஷ்ட நாளில் வாயில் வருகிறது. அப்படிப் பாட்டு எழுதிய ஒருவரைப் பற்றிப் பார்ப்போம். அதற்குப் பம்பாய் வரை போக வேண்டும். இன்று அந்த நகரத்துக்கு மும்பை என்று பெயர்.

1955-ஆம் ஆண்டு என்று வைத்துக் கொள்வோம். ஒரு இளைஞரை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்கு இருபது வயது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்திலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர். ஒரே அறையில் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். பகல் ஷிப்டு ஆள் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டு ஆள் வந்து படுப்பார். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டும். அந்தப் பாரத்தை நிரப்ப இன்னொருவரைக் கெஞ்ச வேண்டும். ஏனென்றால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைய பம்பாயில் இப்படி ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள்.

டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு வருகிறது. கொழும்பிலிருந்து இலங்கை வானொலி அதை ஒலிபரப்புகிறது. அந்த நாளில் நம் அரசாங்க வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்திருந்தது. 1957-இல் விவித பாரதி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை இந்திப் பாட்டுக் கேட்க இந்தியர்கள் இலங்கையை நம்பி இருந்தார்கள்!

அது 'ஸ்ரீ 420' என்ற படத்தின் பாட்டு. பிழைப்புத் தேடி அலகாபாத்திலிருந்து பம்பாய்க்கு நடந்தே வரும் ஒரு ஏழை பாடுவது. 420 என்பது மோசடிக் குற்றத்துக்கு அப்போதைய சட்டத்தில் இருந்த பிரிவு. நடித்தவர் ராஜ் கபூர். பாடியவர் முகேஷ். பாட்டில் வருகிறவன் தன் கந்தல் துணியை மறைக்கவில்லை. அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நடக்கிறான். டீக்கடையில் நிற்கும் இளைஞர் நிமிர்ந்து பார்க்கிறார். இது நம்ம கதை ஆயிற்றே! இதை எழுதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

எழுதியவருக்குத் தெரியும். அவர் பெயர் சைலேந்திரா. 1923-இல் ராவல்பிண்டியில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. பூர்வீகம் பீகார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஏழைக் குடும்பம். வளர்ந்தது மதுராவில். பிறகு பம்பாய்க்கு வந்து மாதுங்கா ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மாதுங்கா என்றால் பம்பாய்த் தமிழர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி. பகலெல்லாம் அவருக்கு இரும்போடு வேலை. வேலை முடிந்தால் கவிதை. தொழிலாளர் கூட்டங்களில் வாசிப்பார். வேலைநிறுத்த ஊர்வலங்களில் இன்றும் முழங்கும் ஒரு இந்தி கோஷம் அவர் எழுதியதுதான்.

ஒரு கூட்டத்தில் அவர் வாசித்த கவிதையை ராஜ் கபூர் கேட்டார். பிரிவினைக் கலவரத்தில் பஞ்சாப் எரிந்ததைப் பற்றிய கவிதை அது. விலைக்குத் தர முடியுமா என்று கேட்டார். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் சைலேந்திரா. பிறகு மனைவி பிள்ளை உண்டாகியிருந்தார். கையில் காசில்லை. கவிஞர் தானே ராஜ் கபூரைத் தேடிப் போனார். 500 ரூபாய் கிடைத்தது. அதற்கு 1949-இல் வந்த 'பர்சாத்' படத்தில் இரண்டு பாட்டு எழுதினார். வயிற்றுப்பாட்டுக்காகத்தான் சினிமாவுக்குள் போனார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

'ஆவாரா' 1951-இல் வந்தது. அந்தப் பாட்டை ரஷ்யாவிலும் சீனாவிலும் கூடப் பாடினார்கள். அவருடைய வார்த்தைகள் சந்தையில் பேசுகிற இந்தியில் இருக்கும். அகராதி வேண்டாம். அதற்காக மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நினைக்கவில்லை. ஒரு பாட்டில் பத்துத் திசை என்று எழுதியிருந்தார். ஜனங்களுக்கு நாலு திசைதானே தெரியும், மாற்றுங்கள் என்று இசையமைத்தவர்களில் ஒருவர் சொன்னாராம். கவிஞர் மாற்றவில்லை. பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. எட்டுத் திக்கு என்று பேசுகிற நமக்குப் பத்து ஒன்றும் பாரமில்லை.

'அனாரி' 1959-இல் வந்த படம். அதில் ஒருவன் ஏமாந்து நிற்கிறான். தனக்குச் சூது வாது தெரியாமல் போனதை அவனே ஒத்துக்கொண்டு பாடுகிறான். நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு அங்கேதான் ஆறுதல். கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், கவலைப்படாதே என்று சொல்லிப் பாருங்கள். சில சமயம் கோபம்தான் வரும். எனக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரச் சொல்வார்.

பெண்களுக்கும் அவர் எழுதினார். 1963-இல் வந்த 'பந்தினி' படத்தில் பெண்கள் சிறை ஒன்று வருகிறது. ஒரு கைதி திருகையில் மாவு அரைத்துக்கொண்டே பாடுகிறாள். ஆஷா போஸ்லேயின் குரல். நம் ஊரில் ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போவார்கள் அல்லவா? வட நாட்டில் மழைக் காலத்தில் சாவன் மாதம் வரும். அண்ணனோ தம்பியோ வந்து அக்கா தங்கையைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார். இந்தப் பெண், இந்த வருஷமாவது அவனை அனுப்புங்கள் என்று அப்பாவைக் கேட்கிறாள். அண்ணன் வந்தானா? பாட்டு சொல்லவில்லை. திருகை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வராமல் காத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தி தெரியாவிட்டாலும் இந்தப் பாட்டு புரியும்.

ஆனால் பாட்டு கடனை அடைக்காது. இதையும் சொல்ல வேண்டும். சைலேந்திரா தானே ஒரு படம் எடுத்தார். 'தீஸ்ரி கசம்' என்று பெயர். ஒரு மாட்டு வண்டிக்காரரின் கதை. நல்ல படம். பல வருஷம் இழுத்தது. செலவு ஏறியது. 1966-இல் வெளிவந்தபோது ஓடவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. குடியும் உடம்பைக் கெடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி இறந்துபோனார். வயது 43. அன்றைக்கு ராஜ் கபூரின் பிறந்தநாள். பிறகு அந்தப் படத்துக்குத்தான் நாட்டின் சிறந்த படம் என்று ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வாங்க அவர் இல்லை. எத்தனையோ பேரைத் தேற்றியவரின் கதை இப்படி முடிந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம் டீக்கடை இளைஞரை மறந்துவிட வேண்டாம். 1982-இல் அவருக்கு 47 வயது. அந்த ஜனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். ஒரு வருஷம் தாண்டியும் தீரவில்லை. பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. நகை அடகுக்குப் போயிற்று. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். அந்த இரவுகளில் அவருக்குச் சம்பளம் கொடுக்க எந்தப் பாட்டாலும் முடியவில்லை. ஆனால் தோற்றவன் தான் மட்டும் என்ற நினைப்பு வராமல் காப்பாற்ற முடிந்தது. இருபது வயதில் கேட்ட பாட்டு 47 வயதில் வேறு மாதிரி கேட்டது. அன்றைக்குச் சிரிப்புத் தெரிந்தது. இப்போது அதன் அடியில் இருந்த பசியும் தெரிந்தது.

தியேட்டர் வாசலில் அப்போது பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மெல்லிய தாள், சில்லறைக் காசு விலை. படிக்கத் தெரியாதவர்களும் வாங்குவார்கள். பாட்டு முழுவதும் மனப்பாடம். ஆகவே வார்த்தை மேல் விரலை வைத்துப் பாடிக்கொண்டே போகலாம். எந்த எழுத்து எந்த ஓசை என்று மெல்லப் பிடிபடும். டி.வி.யில் பாட்டு ஓடும்போதே அதன் வரிகளைக் கீழே அதே மொழியில் காட்டும் முறையும் உண்டு. படிப்புப் பழக்கத்துக்காக 1990-களில் அகமதாபாத்தில் அந்த முயற்சி தொடங்கியது.

சைலேந்திரா ஒரு பாட்டைத் தொடங்கி வைத்துவிட்டு இறந்துபோயிருந்தார். வாழ்வதும் இங்கேதான், சாவதும் இங்கேதான் என்று ஒரு கோமாளி பாடும் பாட்டு. மீதியை அவருடைய மகன் எழுதி முடித்தார். 1970-இல் 'மேரா நாம் ஜோக்கர்' படத்தில் அது வந்தது. பாடியவர் அதே முகேஷ்.