பதற்றமான நாட்டில் நம் பிள்ளைகள்: விமானம் ஓடும்போதே கிளம்புங்கள்

2015 மார்ச் 26 அன்று ஏமன் மீது சவூதி தலைமையிலான கூட்டணியின் விமானத் தாக்குதல் தொடங்கியது. அப்போது அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்று சொல்வதற்கில்லை. நாட்டை விட்டு வெளியேறும்படி ஜனவரி மாதத்திலிருந்தே இந்தியத் தூதரகம் அறிவுறுத்தி வந்தது. தாக்குதலுக்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 21 அன்றும் அதையே சொன்னது. அதுவரை விமானங்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு வான்வழி மூடப்பட்டது. 'ஆபரேஷன் ராஹத்' என்ற பெயரில் கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் போய் 4,640 இந்தியர்களையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் மீட்டு வந்தன. குண்டு விழும் நகரத்தைக் கடந்து துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் வந்து சேர்ந்தவர்கள்தான் அப்படித் தப்பினார்கள்.

அறிவிப்பு வந்த பிறகும் ஏன் இருந்தார்கள்? அங்கே வேலை பார்த்த நர்சுகள் பலர் அப்போது சொன்ன காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. சம்பளப் பாக்கி வரவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது. ஊரில் வாங்கிய கடன் தீரவில்லை. மூன்றுமே கலவரம் தொடங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டிய விஷயங்கள்.

அறிவிப்பைப் படிப்பது எப்படி?

தூதரக அறிவிப்புகள் பெரும்பாலும் படிப்படியாகவே கடுமையாகும். முதலில் எச்சரிக்கையாக இருக்கவும், கூட்டங்களைத் தவிர்க்கவும் சொல்வார்கள். அடுத்து, தேவையற்ற பயணம் வேண்டாம் என்பார்கள். அதன்பின், தங்கியிருப்பது அவசியமில்லை என்றால் கிளம்புங்கள் என்று வரும். இந்த வார்த்தை வந்துவிட்டால் மறுநாளே டிக்கெட் பார்க்க வேண்டும்.

உக்ரைனில் 2022 பிப்ரவரி 15 அன்று, குறிப்பாக மாணவர்களுக்கு, இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கி வான்வழி மூடப்பட்டது. இடையில் இருந்தது ஒன்பதே நாள். ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகம் ஒன்றும் சொல்லவில்லை, வருகைப் பதிவு போய்விடும் என்று காத்திருந்த மாணவர்கள் பதுங்கு அறைகளில் தங்கி, எல்லை வரை ரயிலிலும் நடந்தும் போக வேண்டி வந்தது.

பாஸ்போர்ட் யார் கையில்?

சவூதி, அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது சட்டப்படி தவறு. ஆனாலும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று கம்பெனியே வாங்கி வைத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. 2006 லெபனான் போரின்போது இலங்கையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண்கள் பலர் இதனாலேயே தவித்தார்கள். வீட்டுக்காரர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட, பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நிலைமை அமைதியாக இருக்கும்போதே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முடியவில்லை என்றால் அதன் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, இகாமா ஆகியவற்றின் நகல் இரண்டு இடங்களில் இருக்கட்டும்: ஒன்று அவரிடம் காகிதமாக, மற்றொன்று ஊரில் உம்மாவின் அலமாரியில். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தாயகம் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கும். கையில் நகல் இருந்தால், இன்னார்தான் என்று உறுதி செய்வது எளிதாகும்.

தூதரகத்துக்கு உங்களைத் தெரியுமா?

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் மோதல் வெடித்தது. தலைநகர் கார்ட்டூம் ஒரே நாளில் போர்க்களமானது. மின்சாரமும் தண்ணீரும் நின்றன. 'ஆபரேஷன் காவேரி' மூலம் இந்தியர்களைச் சுமார் 850 கிலோமீட்டர் பஸ்ஸில் போர்ட் சூடான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜித்தா வழியாகத் தாயகம் சேர்த்தார்கள். மொத்தம் 3,862 பேர். அவர்களில் நம் மாநிலத்தவர் டெல்லி, மும்பையிலிருந்து ஊர் வந்து சேரும் செலவைத் தமிழக அரசு ஏற்றது.

எந்தத் தெருவில் யார் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் பஸ் எங்கே வர வேண்டும் என்று சொல்ல முடியும். ஆகவே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தூதரக இணையதளத்தில் பெயர், கைபேசி எண், தங்குமிடம், ஊரில் தொடர்புகொள்ள ஒருவர் எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். ரூம் மாறினாலும் நம்பர் மாறினாலும் திருத்த வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவர்கள் பயந்து பதியாமல் இருந்துவிடுகிறார்கள். ஆபத்து வந்தால் முதலில் விடுபடுவது அவர்கள் பெயர்தான்.

கலவரம் தொடங்கிவிட்டால்

வீட்டுக்குள் இருப்பதும், ஜன்னலை விட்டு விலகி இருப்பதும்தான் முதல் பாதுகாப்பு. கார்ட்டூமில் மோதலின் தொடக்கத்திலேயே ஓர் இந்தியர் தன் குடியிருப்பில் இருந்தபடியே குண்டு பாய்ந்து இறந்தார். பார்க்கப் போவதும் வீடியோ எடுப்பதும் வேண்டாம். குடிநீர், மருந்து, சில நாள் உணவு, உள்ளூர் ரொக்கம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஆகியவை ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

எந்த நாட்டு அரசியலானாலும் தெருவில் இறங்கிக் குரல் கொடுப்பது வெளிநாட்டவருக்கு ஆபத்து. 2024 ஜூலையில் தங்கள் நாட்டு அரசுக்கு எதிராக அமீரகத்தில் ஊர்வலம் போன 57 வங்கதேசத்தவர்களுக்கு அங்குள்ள நீதிமன்றம் தண்டனை விதித்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்களுக்குப் பத்து, பதினோரு ஆண்டுகள். செப்டம்பரில் அதிபர் மன்னித்ததால் தப்பினார்கள். வாட்ஸ்அப்பில் வருவதைப் பகிர்வதிலும் இதே கவனம் வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

அதே ஜூலையில் வங்கதேசத்தில் இணையம் பல நாட்கள் முடக்கப்பட்டது. அங்கே மருத்துவம் படித்த நம் பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் பேச முடியாமல் பெற்றோர் துடித்தார்கள். இணையம் இல்லாதபோது பேசச் சாதாரண தொலைபேசி எண்கள் இரண்டாவது தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். அறைத் தோழர் ஒருவர், கல்லூரி அல்லது கம்பெனி அலுவலகம் என்று இருக்கலாம். வீட்டில் எல்லோரும் மாறி மாறி அழைக்காமல் ஒருவர் மட்டும், குறித்த நேரத்தில் பேசினால் அவருடைய போனில் சார்ஜ் மிஞ்சும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. "இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வா, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, கிளம்ப நினைப்பவரை நிறுத்திவிடும். சம்பளப் பாக்கியைப் பிறகு தூதரகம் வழியாகவும் அரசின் 'மதத்' இணையதளம் வழியாகவும் கேட்க வழி உண்டு. ஆள் இருந்தால்தான் கேட்க முடியும்.

மஹல்லா ஜமாஅத்துகளும் இதில் உதவலாம். எந்த வீட்டில் யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற விவரத்தை, சம்மதம் பெற்று, ஜமாஅத் அலுவலகத்தில் பாதுகாப்பாக வைத்திருந்தால், அவசர நேரத்தில் அயலகத் தமிழர் நலத் துறைக்கு ஒரே நாளில் பட்டியல் கொடுத்துவிடலாம். வெறுங்கையோடு திரும்பி வருபவருக்குச் சில மாதம் தாங்கும் வட்டியில்லாக் கடனை பைத்துல்மால் மூலம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊரில் கைகொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த அறிவிப்பு வரும்போது அவர் தயங்காமல் விமானம் ஏறுவார்.