குச்சிக்கிழங்கு தேமல்: இலையைப் பார்த்தால் போதாது, குச்சிக்குள்ளும் பார்க்க வேண்டும்

பங்குனி பிறந்தால் மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் ஜவ்வரிசி வடாம் காயும். அந்த ஜவ்வரிசி வரும் சேலம் பக்கத்திலிருந்துதான் இந்த இதழுக்கான கேள்வியும் வந்திருக்கிறது. ஆத்தூர் வட்டாரத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "ஐயா, குச்சிக்கிழங்கு இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டு போகிறது. உரக்கடையில் சத்துக் குறை என்றார்கள். மூன்று தடவை நுண்ணூட்டம் அடித்தும் பலனில்லை. அடுத்த பட்டத்துக்கு இதே குச்சியை வெட்டி வைக்கலாமா?"

வைக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இரும்பு, துத்தநாகக் குறை என்றால் நரம்பு பச்சையாக நிற்க, இலை முழுக்க ஒரே மாதிரி வெளுக்கும்; இரும்புச் சத்தோ துத்தநாகமோ தெளித்தால் புதுத் துளிர் தேறும். தேமல் அப்படியல்ல. வெளிர் பச்சையும் மஞ்சளும் ஒழுங்கில்லாமல் கலந்து, இலை விரல்கள் கோணி, சிறுத்துப் போகும். இது வைரஸ். எந்த மருந்தும் இதைச் செடிக்குள் போய்க் கொல்லாது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தேமல் வயலுக்கு இரும்பு சல்பேட் எழுதிக் கொடுத்தவன்தான். அந்த விவசாயி செலவழித்த பணம் இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

இந்த வைரஸ் எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நம் மண்ணில் இரண்டு உண்டு: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். வயலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைரஸுக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்துத்தான் பிரித்தார்கள். இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,700 எழுத்துகள், அவ்வளவுதான். முதல் வளையத்தின் எழுத்துகள் 91 சதவீதத்துக்குக் குறைவாக ஒத்துப்போனால் வேறு இனம் என்று கணக்கு. 2002-ல் இரண்டின் வேறுபாடும் விவரமாக வெளியானது. 2005-ல் இந்தியாவிலேயே இரண்டும் இருப்பது உறுதியானது. வட இந்தியாவில் குட்டையாக நின்ற கோதுமைச் செடிகளிலும் இப்படித்தான் ஒரு புது வைரஸ் 2012-ல் வெளிச்சத்துக்கு வந்தது.

"பெயர் தெரிந்து எனக்கென்ன?" என்று கேட்கலாம். இலங்கைப் பெயர் கொண்ட அதே வைரஸ் 2015-ல் கம்போடியாவில் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து வரை போனது. வெள்ளை ஈ பரப்பும், உண்மைதான். ஆனால் ஈயைவிட வேகமாகப் பரப்புவது லாரியில் போகும் விதைக்குச்சி. எழுத்து வரிசை கையில் இருந்தால்தான் அதைத் தேடிப் பிடிக்கும் பி.சி.ஆர். சோதனையை உருவாக்க முடியும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் கைக்குள் அடங்கும் கருவியை வைத்து, வயலோரத்திலேயே சில மணி நேரத்தில் மரவள்ளி வைரஸைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு விவசாயியும் இலையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை. தேமல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் சோதனைக்கு வேலையே இல்லை. விதைக்குச்சி பெருக்கும் தாய்ச்செடிக்குத்தான் அது தேவை. ஏனென்றால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் குச்சியிலும் வைரஸ் ஒளிந்திருக்கும். நுனித்திசு வளர்ப்பில் உருவாக்கி, சோதித்த கன்று கிடைத்தால் விடாதீர்கள். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

அது கிடைக்காவிட்டால் பழைய வழி இருக்கிறது. கிழங்கு எடுக்கும்போது தேடாதீர்கள், அப்போது இலை உதிர்ந்திருக்கும். பயிர் தழைத்து நிற்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குச் சாயம் பூசியோ துணி கட்டியோ அடையாளம் வையுங்கள். அந்தக் குச்சிகளை மட்டும் கரணையாக வெட்டி, நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு 20 நாள் வையுங்கள். தேமல் காட்டும் கரணையைப் பிடுங்கி எரித்துவிட்டு மீதியை வயலுக்குக் கொண்டு போங்கள். நட்ட பிறகும் முதல் இரண்டு மாதம் தேமல் செடி தெரிந்தால் பிடுங்க வேண்டும். பக்கத்து வயல்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன்.

அதே வாசகரின் இரண்டாவது கேள்வி, தேமல் செடியின் கிழங்கை மில்லுக்குப் போடலாமா என்பது. தாராளமாகப் போடலாம். இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது; எடைதான் குறையும். குச்சியை மட்டும் யாருக்கும் விதைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.