குத்தகைத் தாளில் பெயரில்லாதவர்கள்

நெல்லை பேட்டையில் செங்கோட்டை ரயிலேறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினால், எதிரே எழும்புகிற மலையில்தான் மாஞ்சோலை. 1929 முதல் அங்கே தேயிலை போட்டது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். நம் ஊர் வாயில் பி.பி.டி.சி.

1863-இல் வாலஸ் சகோதரர்கள் பம்பாயில் தொடங்கிய இந்தக் கம்பெனி, பர்மாத் தேக்கில் வளர்ந்தது. கணக்குக்கு மேல் மரம் கொண்டுபோனதாக 1885-இல் பர்மிய அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்துப் பிரிட்டிஷ் படை கிளம்பியது. தீபா மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். 1948-இல் விடுதலையான பர்மா தேக்குக் காடுகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டபோது, கம்பெனிக்காகப் படையெடுக்க யாருமில்லை.

இங்கே சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகை, சுமார் 8,374 ஏக்கர். 1952-இல் ஜமீன் நிலம் அரசுக்குப் போனது, குத்தகை தொடர்ந்தது. 1988-இல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. 2018-இல் காப்புக்காடு அறிவிப்பும் வந்தது. மணிமுத்தாற்றுக்கும் தாமிரபரணிக்கும் தண்ணீர் தரும் காட்டை அரசு மீட்பது நியாயம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்களுக்கு அந்தக் குத்தகைத் தாளில் ஒரு வரிகூட இல்லை. வேலை இருந்தவரைதான் லயன் எனும் வரிசை வீடு. ஓய்வு பெற்றால், வேலைக்குப் பிள்ளைகள் இல்லாத வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. 1999 ஜூலை 23-இல் கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 உயிர்கள் போயின. ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று.

2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த மலையை விட்டு இறங்குவதில் என்ன விருப்பம்? டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்களின் மறுவாழ்வுக்காகவே 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் உருவானதுதான் டான்டீ. அந்தக் கோரிக்கையை அவ்வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இலங்கையிலும் இதே கதைதான். அங்கே அரசு 1975-இல் வெள்ளைக்காரத் தோட்டங்களை எடுத்தபோது கம்பெனிகளுக்கு இழப்பீடு கிடைத்தது. லயன்களில் இருந்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை.

காடு காடாகட்டும். மலையிறங்கியவர்களுக்குப் பட்டாவோடு நிலமும் வீடும் அரசு தர வேண்டும். குத்தகைக் கெடு 2028-இல்தான் முடிகிறது.